கறுப்பு ஊர்வலம்

(நம் சங்கத்தின் திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின் வரிசையில் அமர்ந்து, ‘இவர் என்ன சொல்லப் போகிறாரோ’ என்று ஐயத்தோடு நோக்கிக் கொண்டிருக்கும் இளைஞர்களே!

இம்மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் தமிழ் கற்ற சான்றோர்கள். சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் அவர்கள் ஆற்றிய உரைகளைக் கீழே அமர்ந்து கேட்டு மகிழ்ந்தவன் நான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கரக்பூரில் இரயில்வே பார்சல் அலுவலகத்துப் பேரேடுகளோடு காலங் கழித்து வருபவன். எண்களைக் கூட்டிக் கழித்துப் பழகிய எனக்குச் சொற்களைத் தொடுத்து அலங்கரிக்கத் தெரியாது. ஆகவே, என் பேச்சில் குறை காணின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் இன்று எடுத்துக் கொண்ட பொருளைக் கேட்டதும் சிலர் புருவம் உயர்த்தக் கூடும். அஃது அமெரிக்க நாட்டுப் பாட்டு ஒன்று. ‘வெல்கம் டு தி பிளாக் பரேட்’ என்பது அதன் பெயர். ‘கறுப்பு ஊர்வலத்திற்கு நல்வரவு’ என்று தமிழிற் கூறலாம். ‘மை கெமிக்கல் ரொமான்ஸ்’ என்னும் இசைக்குழுவினர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டது. ‘எமோ’ என்று இளைஞர்கள் வழங்கும் ராக் இசை வகையைச் சேர்ந்தது என்பர்.

தமிழ்ச் சங்கத்தில் இந்தப் பாட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்ற ஆண்டு நம் ஆண்டு விழாவிற்குச் சில நாள் முன்பு, நம் குடியிருப்புப் பிள்ளைகள் ஐவர் செயற்குழுவிற்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தனர். விழா மேடையில் இப்பாட்டை வாசித்துப் பாட இசைவு வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள். ‘சாவைப் பற்றிய பாட்டு, மங்கல நாளில் ஆகாது’ என்று நாங்கள் மறுத்துவிட்டோம். குழுவில் இருந்த எவரும் அப்பாட்டைக் கேட்டதில்லை. மறுப்பதற்கு முதன்முதலாகக் கை உயர்த்தியவன் நான். விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட ஐவருள் ஒருத்தி என் மகள்.

அன்று உயர்த்திய கையை இன்று உங்கள் முன் கீழே இறக்கவே இங்கு வந்து நிற்கிறேன்.

அன்பர்களே! பார்சல் அலுவலகத்தில் வேலை செய்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் அவன் பார்ப்பான். அதில் ‘துணி’ என்று எழுதியிருந்தால் துணி. ‘கண்ணாடி’ என்றிருந்தால் கண்ணாடி. பிரித்துப் பார்ப்பது அவன் வேலையன்று. அலுவலகத்தில் அப்படி நடந்து கொள்வது முறை. ஆனால் வீட்டிலும் அதே வழக்கத்தைக் கைக்கொண்டால் என்ன ஆகும்? பிள்ளை கறுப்புச் சட்டை அணிந்தால் ‘கெட்டுப்போனது’ என்று சீட்டு ஒட்டுகிறோம். காதில் ஒலிபெருக்கியைச் செருகிக் கொண்டு மூலையில் அமர்ந்தால் ‘தறுதலை’ என்று சீட்டு ஒட்டுகிறோம். உள்ளே இருப்பது என்னவென்று பிரித்துப் பார்த்தோமா?

‘எமோ’ என்பதும் ஒரு சீட்டுத்தான். ஆங்கிலத்தில் உள்ளத்து உணர்ச்சியைக் குறிக்கும் ‘எமோஷனல்’ என்ற சொல்லின் குறுக்கமே அது. 1980களின் நடுவில், அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில், சினமும் வேகமுமே நிறைந்திருந்த ‘ஹார்ட்கோர் பங்க்’ இசையைப் பாடிவந்த இளைஞர்களுள் சிலர், ‘எங்கள் நெஞ்சில் சினம் மட்டுமா இருக்கிறது? துயரமும் ஏக்கமும் குற்ற உணர்வும் உண்டே; அவற்றையும் பாடுவோம்’ என்று துணிந்தனர். ‘ரைட்ஸ் ஆப் ஸ்பிரிங்’, ‘எம்பிரேஸ்’ என்ற குழுக்கள் அவ்வழியில் முன் நின்றன. அவர்கள் பாட்டுக்கு மற்றவர்கள் சூட்டிய பெயரே எமோ. அப்பெயரை அவர்கள் விரும்பி ஏற்கவில்லை. இருபது ஆண்டு கழித்து அதே பெயர் சூட்டப்பெற்ற மை கெமிக்கல் ரொமான்ஸ் குழுவினரும் அதனை ஏற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

துயரத்தைப் பாட்டாக்குதல் நமக்குப் புதியதா? அழுகையை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தவர் நம் தொல்காப்பியர். புரவலனை இழந்த புலவன் பாடுவதற்குக் கையறுநிலை என்று தனித்துறை வகுத்தவர்கள் நம் முன்னோர். இழவு வீட்டில் நம் பாட்டிமார் ஒப்பாரி வைத்தது இசையன்றி வேறு என்ன? அங்ஙனமிருக்க, மேனாட்டுப் பிள்ளைகள் அழுகையைப் பாடினர் என்பதற்காக அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை ஏது?

இனி, அக்குழு தோன்றிய வரலாற்றைச் சிறிது கூறுகிறேன். நியூ ஜெர்சி மாநிலத்தில் வளர்ந்தவர் ஜெரார்டு வே என்பவர். ஓவியம் பயின்று, படக்கதைத் துறையில் வாழ்வு தேட எண்ணியிருந்த இளைஞர். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்ததைத் தம் கண்ணாற் கண்டார். ஆயிரக்கணக்கானோர் ஒரே காலைப் பொழுதில் மாண்டதைக் கண்ட நெஞ்சம், ‘இதுவரை என் வாழ்நாளை எதற்குச் செலவிட்டேன்?’ என்று தன்னைத்தானே கேட்டது. அக்கேள்வியிலிருந்து பிறந்ததே அந்த இசைக்குழு. தம்பி மைக்கி வேயும் நண்பர்களும் உடன் சேர்ந்தனர். 2003இல் அவ்வுடன்பிறந்தார் இருவரையும் பாசத்தோடு பேணி வளர்த்த பாட்டியார் மறைந்தார். அவர் நினைவாக எழுந்த ‘ஹெலினா’ என்ற பாட்டு அவர்களைப் பலரும் அறியச் செய்தது. இடையில் ஜெரார்டு வே குடிக்கும் மாத்திரைக்கும் அடிமையாகி, 2004இல் அவற்றைக் கைவிட்டு மீண்டார். இதனை அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். ஆகவே, சாவைப் பற்றி அவர்கள் பாடியது வேடிக்கைக்காக அன்று. அதனை மிக அருகில் கண்டவர்கள் அவர்கள்.

2006இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பழைய மாளிகை ஒன்றில் தங்கிப் புதிய பாட்டுத் தொகுதியை உருவாக்கினர். ‘தி பிளாக் பரேட்’ என்பது தொகுதியின் பெயர். ராப் கவாலோ என்பவர் தயாரிப்பில் உடன் நின்றார். தனித்தனிப் பாட்டுகளின் மூட்டையாக அன்றி, தொடக்கமும் முடிவும் உடைய ஒரு கதையாகவே அதனை அமைத்தனர். கதைத் தலைவனுக்குப் பெயரில்லை. ‘நோயாளி’ என்றே அழைக்கப்படுகிறான். புற்றுநோயால் மருத்துவமனைக் கட்டிலில் இறந்து கொண்டிருப்பவன் அவன்.

இவ்விடத்தில் ஜெரார்டு வேயின் கற்பனையை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். சாவு எவ்வுருவில் வரும்? எருமை மீது ஏறிப் பாசக் கயிற்றோடு வரும் என்று நாம் கதை சொல்வோம். அரிவாள் ஏந்திய எலும்புக்கூடாக வரும் என்று மேனாட்டார் சொல்வர். இவரோ வேறொன்று சொன்னார். ஒவ்வொருவனுக்கும் வாழ்வில் எந்த நினைவு மிக இனியதோ, அந்த நினைவின் உருவிலேயே சாவு அவனிடம் வரும் என்றார். அந்த நோயாளிக்கு மிக இனிய நினைவு எது? சிறுவனாக இருந்தபோது தந்தை அவனை நகரத்திற்கு அழைத்துச் சென்று, வாத்தியக்காரர்களின் அணிவகுப்பைக் காட்டிய நினைவுதான். ஆகவே, சாவு அவனுக்கு வாத்தியம் முழங்கும் ஓர் ஊர்வலமாக வருகிறது.

பாட்டின் சொற்களை இங்கே நான் ஓதப் போவதில்லை. கருத்தை மட்டும் சொல்கிறேன். அன்று அந்தத் தந்தை மகனிடம் ஒரு வினா எழுப்பினார். ‘வளர்ந்த பின் நொந்தவர்க்கும் தோற்றவர்க்கும் நீ துணை நிற்பாயா?’ என்பது அவ்வினாவின் உட்கருத்து. ‘ஒரு நாள் நான் உன்னை விட்டுப் போவேன். நீ தொடர்ந்து செல்ல வேண்டும்’ என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அந்தச் சிறுவனே இன்று சாகுந் தறுவாயில் அதனை நினைக்கிறான். பின்னர்ப் பாட்டு வேகங் கொள்கிறது. உடல் அழியலாம், உலகம் நம்மை ஏளனம் செய்யலாம், ஆயினும் போனவர்களின் நினைவைச் சுமந்து கொண்டு மேலே நடப்போம் என்று கூட்டமாகச் சூளுரைக்கிறது. நடுவில், ‘நான் வீரனல்லன், சாதாரண மனிதன்தான்’ என்ற ஒப்புதலும் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுவே.

சாவைப் போற்றுகின்ற பாட்டு என்று நாம் ஒதுக்கினோமே, அதன் பொருள் இதுதான். சாவை மறைக்காமல் சொல்லி, வாழ்வதற்கு ஆணையிடுகின்ற பாட்டு அது.

இசையமைப்பும் இப்பொருளுக்கேற்பவே இருக்கிறது. இசை நூல் கற்றவனல்லேன். என் மகள் சொல்லிக் கொடுத்ததையே சொல்கிறேன். பியானோவில் ஒரே ஒரு தனிச் சுரத்தோடு பாட்டு தொடங்குகிறது. ‘ஜி’ என்று மேனாட்டார் குறிக்கும் சுரம் அது. அதிலிருந்து மெல்ல இறங்கி வருகிறது. தந்தையின் நினைவைச் சொல்லும் குரல் தாழ்ந்து ஒலிக்கிறது. அணிவகுப்பு முரசு தொலைவில் கேட்கத் தொடங்கி, அருகில் வருகிறது. திடீரென்று கிதார்கள் பாய, பாட்டு ஓட்டம் எடுக்கிறது. கடைசியில் சுருதியும் ஒரு படி உயர்ந்து விடுகிறது. ஐந்து நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட நேரத்தில், ஓர் இழவு ஊர்வலம் வெற்றி ஊர்வலமாக மாறிவிடுகிறது.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடம் பழமையான வழக்கம் ஒன்றுண்டு. இறந்தவரை இடுகாட்டிற்குக் கொண்டு செல்லும்போது வாத்தியக்காரர்கள் துயர இசையை மெல்ல வாசித்துச் செல்வர். உடலுக்கு விடை கொடுத்துத் திரும்பும் வழியிலோ, துள்ளல் இசை முழங்க ஆடிப்பாடி வருவர். இப்பாட்டு அவ்வழக்கத்திலிருந்து பிறந்தது என்று நான் கூற வரவில்லை. ஆயினும், இரண்டும் கூறும் செய்தி ஒன்றே. போனவருக்காக அழ வேண்டும். இருப்பவர் வீடு திரும்பவும் வேண்டும்.

பாட்டு வெளிவந்ததும் பெரும் வரவேற்புப் பெற்றது. 2006 அக்டோபரில் பிரிட்டன் நாட்டுப் பாட்டு வரிசையில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவின் ‘பில்போர்டு’ வரிசையில் ஒன்பதாம் இடம் வரை உயர்ந்தது. சாமுவேல் பேயர் இயக்கிய படக்காட்சியில், கறுப்புச் சீருடை அணிந்த குழுவினர் இடிந்த நகரத்தினூடே ஊர்வலம் வர, நோயாளி கட்டிலை விட்டு எழுந்து அவர்களை எதிர்கொள்கிறான். நோயாளியாக நடித்தவர் லூக்காஸ் ஹாஸ். அச்சீருடைகளைத் தைக்கத் திட்டம் வகுத்துத் தந்தவர் கோலீன் அட்வுட் என்னும் புகழ் பெற்ற ஆடைக் கலைஞர். உலகெங்கும் இளைஞர்கள் அக்கறுப்பு உடையைத் தாங்களும் அணியத் தலைப்பட்டனர்.

அப்போது தொடங்கியது பெரியவர்களின் அச்சம். லண்டனிலிருந்து வெளிவரும் ‘டெய்லி மெயில்’ நாளிதழ் 2006லும் 2008லும் எமோவைத் தற்கொலையோடு இணைத்துக் கட்டுரைகள் வெளியிட்டது. இளஞ்சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக் கொண்ட துயர நிகழ்ச்சிக்கு இக்குழுவின் பாட்டுகளே காரணம் என்பது போன்ற பேச்சு எழுந்தது. குழுவினர் அக்குடும்பத்தாருக்கு இரங்கல் தெரிவித்தனர். தம் பாட்டுகள் துன்பத்தினூடே வாழ்வதற்கு வலிமை தேடும் பாட்டுகளே என்றும், உள்ளம் நொந்தவர்கள் அவ்வுணர்வுகளை நல்வழியில் எதிர்கொள்ள வேண்டும் என்றும் அறிக்கை விடுத்தனர். அத்தொகுதியின் கதை முடியும் இடத்தில், வாழ அஞ்ச மாட்டேன் என்று பாடும் பாட்டே வருகிறது என்பதையும் சுட்டிக் காட்டினர். 2008 மே 31ஆம் நாள், அவ்விதழின் அலுவலகத்தின் முன் இளைஞர்கள் கூடி அமைதியாகத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தனர். பெற்றோர் சிலரும் பிள்ளைகளோடு வந்து நின்றனராம்!

அதே 2008 மார்ச்சில், மெக்சிகோ நாட்டின் கேரெத்தாரோ நகரில் நடந்தது இதனினும் கொடியது. எமோ உடையணிந்த பிள்ளைகளை ஒரு கும்பல் சூழ்ந்து தாக்கியது. ஏன்? அவர்கள் கறுப்பு அணிந்தார்கள், நெற்றியில் முடியை வழிய விட்டார்கள், அழுவதற்கு வெட்கப்படவில்லை. வேறு என்ன குற்றம் செய்தனர்? ஏளனத்தில் தொடங்குவது அடியில் சென்று முடிகிறது என்பதற்கு இஃதொரு சான்று.

பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. நானும் அஞ்சியவனே. பாட்டு நோயுமன்று, மருந்துமன்று; காய்ச்சலைக் காட்டும் வெப்பமானி போன்றது. பிள்ளை சோகப் பாட்டையே ஓயாமல் கேட்கிறதென்றால், வெப்பமானியை உடைத்து எறிவதால் காய்ச்சல் தணியாது. அருகில் அமர்ந்து ‘என்னம்மா?’ என்று கேட்க வேண்டும். நம்மால் தாங்க இயலாத அளவு துயரம் கண்டால் மருத்துவரை நாட வேண்டும். நம் அரசினர் 2022இல் ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கியிருக்கின்றனர். 14416 என்ற எண்ணை அழைத்தால், தமிழ் உட்படப் பல மொழிகளிலும் பேசலாம். இதில் நாணுவதற்கு எதுவுமில்லை.

இனி, இப்பாட்டு விட்டுச் சென்ற மரபைக் காண்போம். 2007 அக்டோபரில் மெக்சிகோ தலைநகரில் நடந்த நிகழ்ச்சியோடு அக்கறுப்புச் சீருடைக் கோலத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தனர் குழுவினர். 2013 மார்ச்சில் குழுவே கலைந்தது. ஆனால் பாட்டு கலையவில்லை. 2016 ஜூலை 20ஆம் நாள், கொடி ஒன்று அசைய, பியானோ ஒலியோடு ஒரு சிறு படக்காட்சியை வெளியிட்டு ஒரு நாளைக் குறித்தனர். பியானோவின் முதற்சுரம் ஒலித்ததுமே உலகெங்கிலும் உள்ள அன்பர்கள் ‘மீண்டும் வருகிறார்கள்’ என்று ஆர்ப்பரித்தனர். பத்தாம் ஆண்டு நிறைவுக்கான மறுவெளியீட்டு அறிவிப்பே அது என்று பின்னர்த் தெரிய வந்தது. ஏமாற்றந்தான். ஆயினும் எண்ணிப் பாருங்கள்! ஒரு பாட்டை அடையாளங் காண ஒரு சுரம் போதுமானதாயிற்று. நம் வீடுகளில் வாயிற்கதவின் ஓசையைக் கொண்டே வந்தவர் அப்பாவென்று குழந்தை அறியுமே, அதைப் போன்றதன்றோ இது!

பின்னர், 2019 அக்டோபர் 31இல் மீண்டும் கூடுவதாக அறிவித்து, டிசம்பர் 20இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பாடினர். 2025 ஜூலை 11ஆம் நாள் சியாட்டில் நகரில் தொடங்கிய சுற்றுலாவில், பெரும் விளையாட்டு அரங்குகளில் அத்தொகுதி முழுவதையும் மறுபடி பாடினர். அன்று பதினைந்து வயதில் கேட்டவர்கள் இன்று பெற்றோராகி விட்டனர். ஒலிப்பதிவில் அந்த முரசை முழக்கிய பாப் பிரையர் 2010லேயே குழுவை விட்டு விலகியவர், 2024இல் காலமானார். முரசடித்தவர் போய்விட்டார், முரசொலி நிற்கவில்லை. பாட்டின் பொருளைப் பாட்டின் வரலாறே மெய்ப்பித்து விட்டது.

பெரியோர்களே! இவ்வளவும் நான் அறிந்தது எங்ஙனம்? அதைச் சொல்லாவிடில் என் பேச்சு நிறைவுறாது.

என் தந்தையை உங்களில் பலர் அறிவீர்கள். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வந்து, இரயில்வே பணிமனையில் கலாசியாகச் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டு உழைத்தவர். முந்திய ஐப்பசியில் மருத்துவமனையில் மறைந்தார். அவருடைய இறுதி நாட்களில் பகற்பொழுதில் நான் அலுவலகத்தில் இருந்தேன். விடுப்பு எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. ‘இன்னும் நாள் இருக்கிறது’ என்று எண்ணினேன். கட்டிலருகே அமர்ந்திருந்தவள் என் மகள்.

அவர் மறைந்தபின் அவள் பேச்சைக் குறைத்துக் கொண்டாள். இரவில் அறையின் மூலையில் அமர்ந்து இப்பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்பாள். ஓர் இரவு நான் பொறுமை இழந்தேன். காதிலிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்தேன். ‘தாத்தா செத்த வீட்டில் என்ன பாட்டு வேண்டிக் கிடக்கிறது?’ என்று கத்தினேன். அவள் அழவில்லை. ‘அப்பா, ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்’ என்றாள். நான் கேட்கவில்லை. அடுத்து வந்த செயற்குழுக் கூட்டத்தில்தான் என் கை முதலில் உயர்ந்தது.

மாதங்கள் சென்றன. தந்தையின் தகரப் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கு செய்து கொண்டிருந்தபோது, திருவாரூர்த் தேரின் பழைய படம் ஒன்று கிடைத்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த மகள் சொன்னாள்: ‘கடைசி இரண்டு நாளும் தாத்தா இதைத்தான் சொல்லிக் கொண்டிருந்தார், அப்பா. அவருடைய அப்பா தோளில் தூக்கி வைத்துக் கொண்டு ஆழித்தேரைக் காட்டினாராம். கூட்டத்தில் தம் கால் தரையிலே படவேயில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தாத்தா தேர் பார்த்துக் கொண்டேதான் போயிருப்பார் என்று நினைத்துக் கொள்வேன். அதற்காகத்தான் அந்தப் பாட்டைக் கேட்கிறேன்.’

என் தந்தை இறுதியாக என்ன சொன்னார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஐந்து மாதம் அதனை அவள் ஒருத்தியே தன் நெஞ்சில் சுமந்திருக்கிறாள். என்னிடம் சொல்வதற்கு அவளுக்கு வழி இருந்த ஒரே கதவை நான் சாத்தி வைத்திருந்தேன்.

அன்று பகல் அவளோடு அமர்ந்து பாட்டைக் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் இரயில்வே படிவங்களின் ஆங்கிலம். ஆகவே சொற்களைத் தாளில் எழுதி வைத்துக் கொண்டு, அகராதியைப் புரட்டி, அடுத்தடுத்து நான்கு ஞாயிறு அவளிடம் பாடம் கேட்டேன். இசை இன்றளவும் என் செவிக்கு இரைச்சலாகவே இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முதற்சுரம் ஒலிக்கும்போது, நான் கண்டிராத என் பாட்டனாரின் தோளும், அதன்மீது அமர்ந்த ஒரு சிறுவனின் கால்களும் என் கண் முன்னே வருகின்றன.

அன்பர்களே! ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழ்பவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்குத் தேரும் தெரியாது, திருவிழாக் கூட்டமும் தெரியாது. வீட்டிலே தமிழ், பள்ளியிலே இந்தியும் ஆங்கிலமும், தெருவிலே வங்காளம் என்று வளர்கிறார்கள். தங்கள் துயரத்தைச் சொல்வதற்கு எந்த மொழியில் சொல் கிடைக்கிறதோ, அந்த மொழியில் எடுத்துக் கொள்கிறார்கள். அதனைத் தமிழுக்குச் செய்யும் துரோகம் என்று கருத வேண்டா. ‘அதன் பொருளை எனக்குத் தமிழில் சொல்’ என்று கேளுங்கள். என் மகள் இவ்வளவு தமிழ் பேசியதை நான் அந்த நான்கு ஞாயிறுகளில்தான் கேட்டேன்.

இறுதியாக, செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு விழாவில், தமிழ்த்தாய் வாழ்த்தும் நாட்டியமும் நாடகமும் நடந்த பின்பு, அப்பிள்ளைகள் ஐவருக்கும் ஆறு நிமிடம் அளியுங்கள். பாடுவதற்கு முன் அப்பாட்டின் பொருளை அவர்களே நல்ல தமிழில் எடுத்துரைக்கட்டும். வேண்டுமாயின் என் உரைக்கென ஒதுக்கும் நேரத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள். மனமுவந்து விட்டுத் தருகிறேன். இம்முறையும் வாக்கெடுப்பு வருமாயின், முதலில் உயரும் கை என்னுடையதாகவே இருக்கும்.

பின் வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு சொல். நாங்கள் சீட்டைப் பார்த்துப் பழகிவிட்டோம். நீங்களாகவே மூட்டையைப் பிரித்துக் காட்டினால் பார்ப்போம். ஒரு முறை மறுத்தால் இன்னொரு முறை காட்டுங்கள். என் மகள் எனக்குக் காட்டியது போல.

அம்மா, அன்று பிடுங்கி எறிந்ததற்கு அப்பாவை மன்னித்துவிடு. வீட்டிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மறுத்தது இந்தச் சபையில். ஆகவே இந்தச் சபையிலேயே சொல்ல வேண்டும் என்று எண்ணினேன்.